சோப்புத் தண்ணீரில் கழுவிய முகங்கள்

ட்வைலா வீட்டுக்குள் நுழைந்தபோது பன்றிக்கு உதடு இல்லை.

வெளிச்சம் போதவில்லை என்று முதலில் நினைத்தாள். தங்கை வீட்டுத் தோட்டத்தில் காலையிலிருந்து ஆப்பிள் கூழ் கிண்டிவிட்டு வந்திருந்தாள். கண்ணில் இன்னும் விறகுப் புகை மிச்சம் இருந்தது. விளக்கைப் போட்டாள். பன்றிக்கு உதடு மட்டுமல்ல, புருவமும் இல்லை. பக்கத்திலிருந்த கோமாளிக்குச் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த பூனைக்குக் கண் இல்லை. அலமாரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிருகங்களும் மனிதர்களுமாக வடித்த நாற்பதுக்கும் மேற்பட்ட குக்கீ ஜாடிகள், பிஸ்கட் போட்டு வைக்கும் பீங்கான் ஜாடிகள், வேகவைத்து உரித்த முட்டைகள்போல வழுவழுவென்று நின்றன.

"எப்படி?" என்றான் டெல்பர்ட்.

அவள் கணவன். சமையலறை வாசலில் தோளில் துண்டோடு நின்றான். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"நாளைக்கு உன் ஜாடிக்காரிங்க வர்றாங்கல்ல? அதான். ஒவ்வொண்ணா எடுத்து, வெந்நீர்ல சோப்பு போட்டு, நல்லா தேய்ச்சு வெச்சிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒரு மூடிகூட உடையல. எனக்கே ஆச்சரியம்."

ட்வைலா கைப்பையை நாற்காலியில் வைத்தாள். பிறகு எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு திரும்பவும் நாற்காலியில் வைத்தாள்.

ஜாடிகள் எல்லாம் ஒஹையோ மாநிலத்தின் இந்த மூலையில் இருந்த பீங்கான் ஆலைகளில் செய்தவை. மெருகு பூசிச் சுட்ட ஜாடிக்கு முகம் எழுத வேண்டுமென்றால், எழுதி இன்னொரு முறை சூளையில் வைக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அதனால் பல ஆலைகளில், சுட்ட ஜாடியின் மேலேயே சாதாரண பெயிண்டில் உதட்டையும் கண்ணையும் எழுதி, காய்ந்ததும் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். சுடாத பெயிண்ட். வாங்கிய வீட்டில் ஜாடியைக் கழுவுவார்கள். ஒரு கிறிஸ்துமஸ் போய் அடுத்தது வருவதற்குள் பன்றிக்கு உதடு போய்விடும். முகம் போன ஜாடிகள் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். முகம் உள்ள ஜாடி கிடைக்க வேண்டுமானால், அது ஐம்பது வருடம் ஒரு சோம்பேறியின் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

ட்வைலா இருபது வருடமாகச் சோம்பேறிகளின் வீடுகளைத் தேடிப் போயிருக்கிறாள். முகம் இல்லாத ஜாடியை அவள் வாங்கியதே இல்லை. வட்டாரத்து ஜாடிச் சங்கத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் பராமரிப்பைப் பற்றி அவள்தான் பேசுவாள். பேச்சு ஒவ்வொரு வருடமும் ஒன்றுதான். தண்ணீர் நம் எதிரி. கன்னத்துக்குப் பவுடர் தடவும் தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஈரத் துணியைக்கூட ஜாடிகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

டெல்பர்ட் அந்தப் பேச்சைக் கேட்டதில்லை. அவன் அவளுடைய ஜாடி அறைக்குள்ளேயே வந்ததில்லை. முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த அறைக்கு அவன் வைத்த பெயர் 'உன் பானைக் கடை'. கடிந்து சொல்வதில்லை. வாசலில் நின்றபடி, "உன் பானைக் கடையில போன் அடிக்குது" என்பான், அவ்வளவுதான். மாவட்டத்தின் பள்ளிப் பேருந்துகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன். இந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டான். அதிலிருந்து டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான். ஒருமுறை, ஒரே ஒரு முறை, அவன் உள்ளே வந்து ஒரு ஜாடியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ட்வைலா ஆசைப்பட்டதுண்டு. கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு ருசி இருக்காது.

இப்போது அவன் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டான்.

அவள் குளியலறைக்குப் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே சத்தம் கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். ஆனால் அழுகை வரவில்லை. தண்ணீர் கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு," என்றாள்.

டெல்பர்ட் அவள் முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"சரி," என்றான். "அப்ப சாப்பிடலாம். பீன்ஸ் சூப் சுட வெச்சிருக்கேன்."

சாப்பிடும்போது அவன் வாய் ஓயவில்லை. சாதாரணமாகச் சோள ரொட்டியைப் பிட்டு சூப்பில் போட்டுவிட்டால் கிண்ணம் காலியாகும் வரை பேசாத மனிதன்.

"அந்த முயல் இருக்கே, அதுக்கு ஒரு காது கொஞ்சம் நீளம். கவனிச்சிருக்கியா?"

"இல்ல."

"கைய வெச்சுப் பாத்தாத்தான் தெரியுது. கரடி வயித்துக்குள்ள அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு. சின்னக் கை. யாரோ பொண்ணு. மண்ணு காயறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுத் தூக்கியிருக்கா."

"எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்? நீ தூரத்துல நின்னு தூசிதான் தட்டுவ. அந்தப் போலீஸ்காரனோட மூடி சரியா உக்காரல பாரு. அது அவனோட தொப்பியே இல்லன்னு நெனைக்கிறேன். வேற எவனுடையதோ."

அது உண்மை. அந்தத் தொப்பி வேறொரு போலீஸ்காரனுடையது. சங்கத்தில் அதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது. ட்வைலா சூப்பைக் கலக்கினாள். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவன், "ஓ" என்பான். அவ்வளவுதான். பிறகு எழுந்து டிவிக்கு முன்னால் போய் உட்கார்வான். செத்தாலும் அந்த அறைப் பக்கம் திரும்ப மாட்டான்.

அவள் சொல்லவில்லை.

நாளை யாரும் வர வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். முடியாது. சங்கத்தில் அலமாரி ஞாயிறு என்பது வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு வீட்டின் ஜாடிகளை எல்லோரும் கூடிப் பார்க்கும் நாள். சாவு விழுந்தால் மட்டும்தான் தள்ளிவைப்பார்கள். விழுந்தாலும், ஒரு தட்டில் எதையாவது சமைத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்து, அப்படியே அலமாரியையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அலமாரி ஞாயிறுக்கு ஒரு விதி உண்டு. அலமாரியின் முன்னால் நின்று குறை பேசக் கூடாது. விரிசல், உடைசல், ஒட்டு, எதையும் வாயால் சொல்லக் கூடாது. முன்பு ஒரு பெண் இன்னொருத்தியின் ஜாடியில் மயிரிழை அளவு விரிசல் இருப்பதாகச் சொல்லப்போய், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை வேறு வேறு தேவாலயத்துக்குப் போகின்றன. அதற்குப் பிறகு வந்த விதி.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கார்கள் வந்து நின்றன. பத்துப் பன்னிரண்டு பெண்கள். முதலில் சங்கத் தலைவி இமோஜீன், கைத்தடியோடு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்குப் பின்னால் ஃபெர்ன். ட்வைலாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி, நாக்குக்கும் மூளைக்கும் நடுவில் கதவு வைக்காமல் பிறந்தவள்.

அறைக்குள் வந்தார்கள். யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அது வெளியே வந்ததாகத் தெரியவில்லை.

இமோஜீன்தான் முதலில் பேசினாள். தலைவியாக இருப்பது சும்மா இல்லை.

"இந்த ரூம்ல நல்லா வெளிச்சம் வருதும்மா, ட்வைலா."

"ஆமாங்க. கிழக்குப் பாத்த ஜன்னல்."

"அலமாரி ஓக் மரமா?" என்றாள் இன்னொருத்தி.

"பைன்."

"நல்ல பைன்."

"அடியே ட்வைலா, அந்தப் பன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள் ஃபெர்ன். இமோஜீனின் கைத்தடி ஃபெர்னின் செருப்பின் மேல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. ஃபெர்ன் விழுங்கினாள். "...அந்தப் பன்னிக்குப் பின்னால இருக்கிற திரைச்சீலை புதுசா?"

"பழசு."

"பழசுன்னே தெரியலடி."

அப்போது டெல்பர்ட் உள்ளே வந்தான். தலை சீவியிருந்தான். தேவாலயத்துக்குக்கூடப் போடாத நல்ல சட்டையைப் போட்டிருந்தான்.

"வாங்க, வாங்க. இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கலாம். இந்த முயலோட காதைத் தொட்டுப் பாருங்க. தொடுங்க, பரவாயில்ல."

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, சவப்பெட்டியில் கிடத்திய ஆளைப் பார்க்கப் போகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராக அவன் பின்னால் நடந்தார்கள். அவன் நீளக் காதைக் காட்டினான். கரடியைக் கவிழ்த்து விரல் தடங்களைக் காட்டினான். போலீஸ்காரனின் தொப்பியைப் பற்றிய தன் சந்தேகத்தைச் சொன்னான். அது குறை பேசியதாகும் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் திருத்தவில்லை. கோமாளியின் முன்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அது அக்டோபர், பூக்காலம் எப்போதோ முடிந்திருந்தது.

"மெருகு... மெருகு ரொம்ப நல்லா தெரியுது," என்றாள் இன்னொருத்தி.

"ஆமாம், ஒண்ணுமே மறைக்கல," என்றாள் அவளுக்குப் பக்கத்திலிருந்தவள்.

ஃபெர்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "நான் குறை சொல்லல. கேள்வி கேக்கலாம்ல? விதியில கேள்விக்குத் தடை இல்லையே? யாரு இதையெல்லாம் கழுவினது?"

டெல்பர்ட் வாயைத் திறந்தான்.

"நான்தான் கழுவச் சொன்னேன்," என்றாள் ட்வைலா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீயா?" என்றாள் ஃபெர்ன்.

"ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கா."

"ஆமாம். டெல்பர்ட்கிட்ட சொன்னேன், செஞ்சு குடுத்தாரு."

இமோஜீன் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். டெல்பர்ட் வாயை மூடிக்கொண்டான்.

பிறகு காபி. கடையில் வாங்கிய குக்கீகளை ஒரு தட்டில் வைத்திருந்தாள். சங்கத்தில் யாரும் ஜாடிக்குள் குக்கீ வைப்பதில்லை. எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டார்கள். எல்லோருக்கும் எங்கோ போக வேண்டியிருந்தது.

இமோஜீன் மட்டும் வாசலில் நின்றாள்.

"வசந்தத்துல நீ பேசுவியேம்மா, பராமரிப்பைப் பத்தி. இந்தத் தடவை ஃபெர்ன் பேசட்டும்னு பாக்குறேன். உனக்கும் ஓய்வு வேணும்ல."

"சரிங்க."

"அப்புறம்..." இமோஜீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடு. என் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

கார்கள் போன பிறகு ட்வைலா அறைக்குத் திரும்பினாள். டெல்பர்ட் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

"எதுக்கு நீதான் கழுவச் சொன்னேன்னு அவங்ககிட்ட சொன்ன?"

"சும்மாதான்."

"நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

"அதான் சும்மான்னு சொன்னேன்ல, விடு."

அவன் துண்டைத் தேடுகிறவன்போலத் தோளைத் தடவினான். அங்கே ஒன்றும் இல்லை.

"ட்வைலா, மூணாவது ஜாடியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"தண்ணி சிவந்துச்சு. முதல்ல அழுக்குன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கோமாளி என்னைப் பாத்துச் சிரிக்கல."

ட்வைலா அவனைப் பார்த்தாள். அவன் கோமாளியைப் பார்த்தான்.

"அப்ப ஏன் நிறுத்தல?"

"எப்படி நிறுத்துறது? மூணு பேரு மூஞ்சி இல்லாம, மத்தவங்க எல்லாம் மூஞ்சியோட நின்னா பாக்க நல்லாவா இருக்கும்? பஸ்ஸுல ஒரு கதவு மட்டும் நிறம் மாறிட்டா நாங்க அந்தக் கதவை மட்டும் அடிக்க மாட்டோம். முழு பஸ்ஸையும் அடிப்போம். ஒரே மாதிரி இருக்கணும்ல. அதான், மத்ததையும் ஒரே மாதிரி ஆக்கிட்டேன்."

"ஒரே மாதிரி ஆக்கிட்ட."

"நீ வந்ததும் கத்துவேன்னு இருந்தேன். நீ பாட்டுக்குச் சுத்தமா இருக்குன்ன. நான் பயந்துட்டேன். உனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சேன். திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன்."

"இமோஜீன் மூளை டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க."

"அவங்க என்னைவிட ஒரு படி மேல போயிட்டாங்க," என்றான் டெல்பர்ட்.

அப்போதுதான் ட்வைலா கத்தத் தொடங்கினாள்.

அலமாரியின் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஜாடியாகக் கத்தினாள். இந்தப் பன்றிக்காக லோகன் ஊருக்கு வெளியே கொட்டும் மழையில் ஒரு கொட்டகையின் கூரைப் பரண்மேல் ஏறியதைக் கத்தினாள். இந்தப் பூனை ஒரு கிழவரின் குளியலறையில் பஞ்சு வைக்கும் டப்பாவாக இருந்ததையும், அவர் தர மாட்டேன் என்றதால் நான்கு முறை போய் அவருடன் சீட்டு விளையாடித் தோற்றதையும் கத்தினாள். முயலின் மூக்கு எந்தச் சிவப்பு என்பதை, கரடியின் ஒரு கண் மட்டும் ஏன் கொஞ்சம் பெரிது என்பதை. அவள் ஜாடி விட்டு ஜாடிக்கு நகரும்போது டெல்பர்ட்டும் கூடவே நகர்ந்தான். கடைசியில் அவள் மூச்சு வாங்கி நின்றாள்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"வாத்து பாக்கி."

"சொல்லு."

வாத்தையும் சொன்னாள்.

டெல்பர்ட் தொண்டையைக் கனைத்தான்.

"கார் ஷெட்டுல பெயிண்ட் இருக்கு. தீயணைப்பு வண்டிச் சிவப்பு, பஸ் மஞ்சள், கறுப்பு. நான் அடிச்சா சோப்பு என்ன, ஆசிட் ஊத்தினாலும் போகாது."

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன்."

"சரி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"சரின்னுட்டேன்ல."

கழுவிய ஜாடியைச் சங்கத்தில் பாவம் என்பார்கள். திரும்ப முகம் எழுதிய ஜாடியைப் பொய் என்பார்கள். சங்கம் நடத்தும் கண்காட்சியில் அதற்கென்று கதவோரமாகத் தனி மேஜை உண்டு, பழுப்புத் துணி விரித்து. அந்த மேஜையை அங்கே போட வைத்தவள் ட்வைலாதான்.

அவன் டிவியிடம் போவான் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. நாற்காலியை அலமாரிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இந்தக் கோமாளிக்குச் சிரிப்பு எந்தப் பக்கம் மேல போகும்?"

"இடது."

"அவனுக்கு இடதா, நமக்கு இடதா?"

"அவனுக்கு."

"எவ்வளவு மேல?"

அவள் விரலால் தன் கன்னத்தில் இழுத்துக் காட்டினாள். அவன் அவள் கன்னத்தைக் கவனமாகப் பார்த்தான். பிறகு பூனையைக் கேட்டான். அவள் அதையும் சொன்னாள். எடுத்துவைத்த போட்டோக்களில் அலமாரி முழுக்கத் தெரியும், ஒவ்வொரு உதடும் அரிசி அளவு இருக்கும். அந்த முகங்கள் இப்போது அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. அவளுக்கு அறுபத்தொரு வயது. இமோஜீனின் நாத்தனாரை அவளுக்குத் தெரியும். கடைசியில் அந்த அம்மாளுக்குத் தன் பிள்ளைகளின் முகமே நினைவில்லை.

ட்வைலா கோமாளியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணுதான்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

கார் ஷெட்டில் அவன் விளக்கைத் தாழ இறக்கினான். கோமாளியின் வாயைச் சுற்றி டேப் ஒட்டினான். தின்னரால் துடைத்தான். உப்புத்தாளை எடுத்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டான். மெல்லிய தூரிகையால் உதட்டை இழுத்தான். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நல்லா இருக்கா?"

"இல்ல."

"ஏன்? கோடு எவ்வளவு நேரா இருக்கு பாரு."

"அதுதான் தப்பு. ஆலையில அந்தப் பொண்ணுங்க ஒரு ஜாடிக்கு இவ்வளவு நேரம் எடுத்திருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். அது அவசரத்துல இழுத்த கோடு. டேப்பை எடு. கொஞ்சம் கோணலா போடு."

அவன் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். நேராக வந்தது. துடைத்தான். கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தான். அப்போதும் நேராகத்தான் வந்தது.

"வர மாட்டேங்குது, ட்வைலா. கோணலாப் போட்டா நாப்பது வருஷம் திட்டு வாங்கின கை இது."

ட்வைலா தன் கையை ஏப்ரனில் துடைத்தாள். இருபது வருடம் ஈரமான எதையும் ஜாடிக்கு அருகில் கொண்டு வராத கை. தூரிகையை அவனிடமிருந்து வாங்கி, தீயணைப்பு வண்டிச் சிவப்பில் தோய்த்தாள்.

"ஜாடியைப் பிடி."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் ஒரே இழுப்பில் இழுத்தாள். உதடு இடது பக்கம் கன்னத்தில் ஏறி, நுனியில் ஒரு சொட்டு தடித்து நின்றது.

டெல்பர்ட் அதைக் குனிந்து பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான்.

"எங்க பட்டறையில இதை வெளிய விட மாட்டாங்க," என்றான்.

"கறுப்பைத் திற," என்றாள் ட்வைலா.